அங்கம்மாவிடம் சொல்லாத பகல்

நெஞ்சுவலி என்று பாஸ்கர் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனான். மூன்று தடவையும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பி வைத்தார்கள். மூன்றாவது தடவை பார்த்த டாக்டரம்மா மட்டும் மருந்துச் சீட்டை எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து வலிக்குது?"

பாஸ்கர் சுவரைப் பார்த்தான். கூட நின்ற மனைவி பவானிதான் பதில் சொன்னாள்.

"என் தம்பி கடல்ல பூட்டான் டாக்டர். அப்பால இருந்து."

டாக்டரம்மா ஒரு துண்டுத் தாளில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். காசிமேட்டில் ஒரு சமுதாயக் கூடத்தின் மாடியில் செவ்வாய்க்கிழமை தோறும் டெபோரா என்று ஒரு கவுன்சிலர் வந்து உட்காருவார், போய்ப் பேசிப் பாருங்கள் என்றார். பாஸ்கர் அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான். சட்டையைத் துவைக்கப் போட்டபோது பவானி அதை எடுத்துப் பத்திரப்படுத்தினாள்.

பாஸ்கருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, பதினாறில் படகேறி, முப்பதில் விசைப்படகு டிரைவர் ஆனவன். படகில் டிரைவர் சொல்வதுதான் பேச்சு. வலையை எங்கே விடுவது, எப்போது இழுப்பது, எப்போது கரைக்குத் திரும்புவது எல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். அந்த நவம்பரில் அவன் படகில் ஆறு பேர் போனார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் வயர்லெஸ்ஸில் காற்றுச் செய்தி வந்தது. வலையை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று இழுக்கத் தொடங்கினார்கள். வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றது. அதற்குள் கடல் ஏறிவிட்டது. மூன்று மணி வாக்கில் ஓர் அலை படகின் பின்பக்கத்தை மூழ்கடித்துவிட்டுப் போனபோது, அங்கே கயிற்றைப் பிடித்து நின்ற டில்லிபாபுவைக் காணோம். பவானியின் ஒரே தம்பி. இருபத்தாறு வயது.

வலை தண்ணீரில் கிடக்கும்போது படகைத் திருப்ப முடியாது. இஞ்சின் பார்க்கும் ஃப்ரெடி கத்தியை எடுத்து வலைக்கயிறுகளை அறுத்தான். அறுத்து முடிக்க ஏழு நிமிடம் ஆனது. திரும்பிப் போனபோது ஒரு தடவை தலை தெரிந்தது, மிதவையை வீசினார்கள். அப்புறம் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை தேடினார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

கரைக்கு வந்ததும் போலீஸ் எழுதிக்கொண்டது, மீன்வளத் துறையில் எழுதிக்கொண்டார்கள். குப்பத்தில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். டில்லிபாபுவின் அம்மா அங்கம்மா பேசியது ஒரே வாக்கியம்தான்.

"வலையைக் காப்பாத்தறேன்னு என் புள்ளைய கடல்ல வுட்டுட்டு வந்தவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

அங்கம்மாவின் வீடு பாஸ்கரின் வீட்டிலிருந்து நான்காவது வீடு. முழிக்காமல் இருப்பது லேசான காரியமில்லை. ஆனாலும் அவள் இருந்தாள். மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகும்போது சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாகப் போனாள். உடலைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். பவானி அம்மா வீட்டுக்குப் போனால் அழுதுவிட்டு வருவாள். தன் வீட்டுக்கு வந்தால் பேசாமல் இருப்பாள். பாஸ்கர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஐஸ் ஃபாக்டரியில் பெரிய ஐஸ் பார்களைத் தள்ளும் வேலைக்குச் சேர்ந்தான். நெஞ்சுவலி அங்கேதான் முதலில் வந்தது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பவானி அவனைக் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாடியில் ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. டெபோராவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் என்று அவளே சொன்னாள். என்ன நடந்தது என்று அவள் எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. எந்த வயதில் படகேறினீர்கள், முதல் படகு யாருடையது, யார் கற்றுக்கொடுத்தது என்று அரைமணி நேரம் கேட்டாள். பாஸ்கர்தான் பொறுக்க முடியாமல் சொன்னான்.

"மேடம், அத்தெல்லாம் எதுக்கு? நான் கொலைகாரன். அத எழுதிக்கோங்க."

டெபோரா எழுதவில்லை. "அது உங்க வார்த்தையாண்ணா, இல்ல யாராவது குடுத்த வார்த்தையா?"

"யார் குடுத்தா இன்னா? உள்ள ஒருத்தன் கேட்டுகினே கீறான். ஏன் வலைய அறுக்கல? ஏன் முன்னமே அறுக்கல? காலைல எழுந்தா அதான், சோறு துன்னா அதான்."

"அந்த ஆளுக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னா இன்னா பேர் வைப்பீங்க?"

பாஸ்கர் முதலில் இது என்ன விளையாட்டு என்று நினைத்தான். பிறகு, முன்பு ஒருமுறை சித்தப்பாவின் வீட்டு வழக்குக்குச் சாட்சி சொல்லக் கோர்ட்டில் ஏறி நின்றது நினைவுக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டுவிட்டு, பதிலை முழுசாகச் சொல்ல விடாமல், "ஆமாவா, இல்லையா, அத மட்டும் சொல்லு" என்று மடக்கிக்கொண்டே இருந்தார்.

"வக்கீலு," என்றான்.

பவானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சரி," என்றாள் டெபோரா. "நீங்க வேற, வக்கீல் வேற. அடுத்த வாரம் வரைக்கும் அவர் எப்ப வர்றாரு, எப்ப வர்றதில்லைன்னு மட்டும் பாத்துகினு வாங்க. விரட்ட வேணாம். பாத்தா போதும்."

அடுத்த வாரம் பாஸ்கர் பார்த்ததைச் சொன்னான். ஐஸ் பார் தரையில் உராயும்போது வருகிறான். அந்தச் சத்தம் கயிறு உராயும் சத்தம்போல இருக்கிறது. காற்றடித்தால் வருகிறான். ஃபாக்டரியில் ஐஸ் உடைக்கும் மெஷினின் மோட்டார் நின்றுபோய், அதைக் கழற்றிச் சரிசெய்த இரண்டு மணி நேரம் வரவே இல்லை. இதைச் சொன்னபோது அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. டெபோரா அந்த மோட்டாரைப் பற்றியே வெகுநேரம் கேட்டாள். கையில் என்ன இருந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், ஓடத் தொடங்கியதும் என்ன தோன்றியது என்று.

மூன்றாவது வாரம் அவள் கேட்டது வேறு கேள்வி.

"உங்க வக்கீல் எதைப் பத்திக் கேக்கவே மாட்டேங்குறாரு?"

பாஸ்கர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். டில்லியைத் தேடிக்கொண்டிருந்தபோது கரைக்குத் திரும்பச் சொல்லி வயர்லெஸ்ஸில் இரண்டு தடவை சொன்னார்கள், திரும்பவில்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க ஒரு காலி கேனில் துணியைக் கட்டிக் கடலில் போட்டு, அதன் பின்னாலேயே படகை ஓட்டினான். டீசல் கரை சேரும் அளவுக்கு மட்டும் மிஞ்சியபோதுதான் படகைத் திருப்பினான். மற்ற நாலு பேரும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள். இதையெல்லாம் அவன் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ் எழுதிய காகிதத்தில் 'தேடியும் கிடைக்கவில்லை' என்று இரண்டே வார்த்தைதான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் டெபோரா ஒரு கடிதம் அனுப்பினாள். பேசியவற்றை இப்படி எழுதி அனுப்புவது அவள் வழக்கம். பாஸ்கருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பவானி உரக்கப் படித்தாள்.

'பாஸ்கர் அண்ணாவுக்கு. காலி கேனில் துணி கட்டிப் போட்டதைச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் உங்கள் மனசில் இருந்தது எது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த யோசனை உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? டில்லிபாபு இருந்தால், தன்னைத் தேடி நீங்கள் அப்படிச் சுற்றியதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்? பதில் எழுத வேண்டாம். வரும்போது பேசுவோம்.'

படித்து முடித்துவிட்டு, "கேன்ல துணி கட்டுனியா?" என்று பவானி கேட்டாள். "கட்டுனேன்." அவள் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் எல்லாம் கரையில் நின்றன. ஃப்ரெடியும் கரையில் இருந்தான். உங்களைத் தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள், அவர் வந்து உட்கார்ந்து கேட்கட்டும் என்று டெபோரா சொன்னதால், பாஸ்கர் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். பவானியும் போனாள். பாஸ்கர் வக்கீலைப் பற்றிச் சொன்னதை ஃப்ரெடி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதில் உங்கள் மனசில் நின்றது எது என்று டெபோரா கேட்டாள்.

"நிக்கிறது இன்னா மேடம், கோவந்தான் வருது," என்றான் ஃப்ரெடி. "இவனா வலைய பெருசா நினைக்கிறவன்? மூணு வருசத்துக்கு முன்னால எண்ணூர் பக்கத்து போட்டு ஒண்ணு இஞ்சின் நின்னு அலையில ஆடிகினு இருந்துச்சு. முன்ன பின்ன தெரியாதவங்க. எங்க வலை தண்ணியில கெடக்கு. இவன் ஒரே வார்த்தை, அறுறான்னான். அறுத்துட்டு போயி அந்த போட்ட கட்டி இஸ்துகினு வந்தோம். ஓனரு கரையில நின்னுகினு கேட்ட கேள்வி இருக்கே, அத இங்க சொல்ல முடியாது. இவன் வாய தொறக்கல."

"அப்போ அன்னிக்கி உடனே அறுக்கச் சொன்னவர், நவம்பர்ல ஏன் சொல்லலைன்னு வக்கீல் கேப்பாரே?" என்றாள் டெபோரா. அவள் அதை மெதுவாகத்தான் கேட்டாள்.

ஃப்ரெடி பாஸ்கரைப் பார்த்தான். பாஸ்கர் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பிறகு என்ன தோன்றியதோ, அவனே சொன்னான்.

"அறுக்கலாம்னுதான் சொன்னேன். கத்திய எடுடான்னு ஃப்ரெடிகிட்ட சொல்ட்டேன். டில்லிதான் பின்னால இருந்து கத்துனான். மாமா, வருது மாமா, இன்னும் பத்து பாகம் கயிறுதான், வுட்டுடாதே மாமா. அவன் சொல்றானேன்னு அறுக்காம வுட்டேன்."

தையல் மெஷின்களின் சத்தம் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"இத யார்கிட்ட சொல்லிருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. இவனுக்குத் தெரியும். இவனும் சொல்லல."

"ஏன் சொல்லலண்ணா?"

"சொன்னா இன்னா ஆவும்? அவன் மேல பழிய போட்டு நான் தப்பிச்சிக்கினேன்னு ஆவும். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லுவானா?"

 "அஞ்சு மாசமா அத்தனை பேச்சையும் வாங்கிகினு, நீங்க காப்பாத்திகினு இருந்தது எது?" என்று டெபோரா கேட்டாள்.

"அவன் பேர," என்றான் பாஸ்கர். சொன்ன பிறகுதான் அழுதான். ஒரு சாவுக்கு மூன்று ஆண்கள் சேர்ந்து அழுகிற அளவுக்கு அவன் ஒருவனே அழுதான் என்று ஃப்ரெடி பிற்பாடு சொல்லுவான்.

பவானி எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "அம்மாகிட்ட சொல்லு," என்றாள்.

"மாட்டேன்."

"வுட்டுடாதேன்னு அவன் சொன்னத சொல்ல வேணாம்யா. அன்னிக்கி பகல சொல்லு. அவன் இன்னா துன்னான், இன்னா பேசுனான், ஒண்ணும் அம்மாக்கு தெரியாது. யாரும் சொல்லல. போலீஸ் காயிதந்தான் தெரியும்."

அங்கம்மாவை மாடிக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். "கவுன்சிலிங்கா? பைத்தியமா எனக்கு?" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்படியானால் வீட்டுக்கே போகலாம் என்று முடிவாயிற்று. நானும் வரட்டுமா என்று டெபோரா கேட்டாள். பாஸ்கர் வேண்டாம் என்றான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை மட்டும் அவளோடு ஒரு வாரம் பேசினான். அலையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, காலை டீயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கடைசியில் அவனே தீர்மானித்தான்.

ஜூன் மாதம், மார்க்கெட் முடிந்த ஒரு முற்பகலில் பாஸ்கரும் பவானியும் ஃப்ரெடியும் அங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அங்கம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள். உள்ளே போகவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. பாஸ்கர் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தே, அன்னிக்கி காலைல டில்லிதான் டீ போட்டான்."

அங்கம்மாவின் கை நின்றது.

"இஞ்சி தட்டிப் போட்டான். சக்கரை அதிகம்னு ஃப்ரெடி திட்டுனான். எங்கம்மா போடற மாதிரி போட்டேன், குடிச்சா குடி, குடிக்காட்டி போன்னான்."

"நான் அவ்ளோ சக்கரை போட மாட்டேன்," என்றாள் அங்கம்மா. யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்.

பாஸ்கர் ஒவ்வொன்றாகச் சொன்னான். காலை இழுப்பில் பெரிய சங்கரா மீன் இரண்டு வந்ததையும், ஒன்றை அம்மாவுக்கு என்று டில்லி ஐஸில் தனியாக வைத்ததையும். பத்து மணிக்குப் பழைய சோறும் காரப்பொடி மீன் குழம்பும் தின்றதை. சிக்னல் இல்லாத கடலில், போனில் ஏற்றி வைத்திருந்த பாட்டைக் கேட்டுக்கொண்டே வலையின் கிழிசலைத் தைத்ததை.

"இன்னா சட்டை போட்டிருந்தான்?"

"மஞ்சள் பனியன். முதுகுல நம்பர் போட்டது."

"பத்து," என்றாள் அங்கம்மா. "பத்தாம் நம்பரு."

காற்றுச் செய்தி வந்தது, வலை மாட்டிக்கொண்டது, இழுத்தது. கடல் ஏறியது. அந்த இடத்துக்கு வந்ததும் பாஸ்கருக்கு வார்த்தை நின்றுவிட்டது. ஃப்ரெடி தொண்டையைச் செருமினான். பாஸ்கர் அவன் முழங்காலைத் தொட்டு நிறுத்தினான்.

அங்கம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அவன் வுட்டுடாதேன்னு சொல்லிருப்பான்," என்றாள்.

ஃப்ரெடி தலையைக் குனிந்தான்.

"எனக்கு தெரியாதா என் புள்ளைய? மூணு வயசுல நண்டு அவன் வெரல கவ்விச்சு. ரத்தம் ஒழுகுது. நண்ட வுடுடான்னு நான் கத்தறேன். அவன் அழுதுகினே நண்ட புடிச்சுகினு கீறான். புடிச்சத வுடற ஜாதியா அவன்?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "சொன்னானா இல்லையா?"

"சொன்னான் அத்தே."

அவள் ஓசையில்லாமல் வெகுநேரம் அழுதாள். பவானி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுது முடித்து அங்கம்மா நேராகப் பாஸ்கரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அவன் சின்னப் பையன், சொல்லுவான். நீ டிரைவரு. நீ கேட்டுருக்கக் கூடாது."

"ஆமா அத்தே," என்றான் பாஸ்கர். "கேட்டுருக்கக் கூடாது."

இதைத்தான் ஏழு மாதமாக அவனுக்குள் இருந்த வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அங்கம்மா சொன்னபோது அதற்கு ஒரு பதில் சொல்ல முடிந்தது. சொன்ன பிறகு அடுத்த பேச்சுக்குப் போகவும் முடிந்தது. தேடியதைச் சொன்னான். கேனைச் சொன்னான். கடைசி வரை கேட்டுவிட்டு அங்கம்மா எழுந்து உள்ளே போய், மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆடி அமாவாசையன்று திருவொற்றியூர்க் கரையில் டில்லிபாபுவுக்குக் காரியம் நடந்தது. உடல் இல்லாமல் செய்ய மாட்டேன் என்ற அங்கம்மாதான் ஐயருக்குச் சொல்லி அனுப்பியது. மாமன் மச்சான் செய்ய வேண்டியதைப் பாஸ்கர் செய்தான். குப்பத்தில் எல்லாருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒன்றிரண்டு பேர் இன்றைக்கும் அவனோடு பேசுவதில்லை. காற்று ஏறும் நாட்களில் அவனுக்கு இப்போதும் நெஞ்சு பிடிக்கிறது. முன்பு போல ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை, நடந்துவிட்டு வருகிறான்.

கடலுக்கு ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில் கரையில் இஞ்சின் வேலை பார்த்தான். செப்டம்பரில் ஃப்ரெடியின் அண்ணனோடு ஃபைபர் படகில், விடிந்து போய் மத்தியானம் திரும்பும் தொழிலுக்குப் போனான். மறு வருடம் தை பிறந்த பிறகு வேறு ஓர் ஓனரின் விசைப்படகில் டிரைவராகச் சேர்ந்தான். கயிறு சுற்றும் இடத்தில் ஒரு கோடாலியைக் கட்டிவைத்தான். ஏறும் ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவான்: "காத்து வந்தா வலைய பத்தி நான் மட்டுந்தான் பேசுவேன். யாரும் குரல் குடுக்காதீங்க. ஜாக்கெட்ட போட்டுகினு வேலைய பாருங்க." ஜாக்கெட் புழுங்குகிறது என்று அவர்கள் முனகுவார்கள். போட்டுக்கொள்வார்கள்.

அந்த வருடத் தடைக்காலத்தில் டெபோராவிடமிருந்து போன் வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓட்டும் வசீம் என்று ஒருவர் வந்திருக்கிறார். அவர் வண்டியின் பின்சக்கரத்தில் ஒரு பைக்காரர் விழுந்துவிட்டார். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை என்கிறார். நீங்கள் வந்து உட்கார்ந்து கேட்க முடியுமா என்றாள்.

"எனக்கு இன்னா மேடம் சொல்ல தெரியும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்ணா. புத்தி சொல்லவும் வேணாம். கேட்டுட்டு, உங்க மனசுல எது நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை பாஸ்கர் போனான். வசீமுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாடியைத் தடவிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தேன், ஆள் தெரியவில்லை, பார்த்தேன், தெரியவில்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பாஸ்கர் குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் முறை வந்ததும் டெபோரா தலையசைத்தாள்.

"அன்னிக்கி காலைல எத்தனை மணிக்கு வண்டிய எடுத்தே நைனா?" என்று பாஸ்கர் கேட்டான். "இன்னா லோடு?"

வசீம் நிமிர்ந்தான். அந்தக் கேள்வியை இதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "அஞ்சரைக்கு," என்றான். "மணலியில இருந்து காலி கண்டெய்னர். நாஷ்டா கூட துன்னல."

பாஸ்கர் நாற்காலியை அவன் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.